கிராங்க் பாதியில் நின்றால்: வீட்டில் கட்டும் புல்லட் இன்ஜினில் பிஸ்டன்–வால்வு இடைவெளிப் பிழைகள்

பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-ஐப் பிரித்து, அதே பாகங்களோடு திரும்ப மூடுபவருக்கு இந்தக் குறிப்பு தேவைப்படாது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 6.5:1 அழுத்த விகிதம் கொண்ட அந்த நிதானமான இன்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே தாராளமாக இடம் உண்டு. உயர் அழுத்தப் பிஸ்டன், வால்வை அதிகம் தூக்கும் கேம், பெரிய வால்வு, முகம் சீவிய ஹெட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே போனதும் அந்தத் தாராளம் கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்பதை உங்கள் இன்ஜினை அளந்துதான் சொல்ல முடியும். இன்னொருவர் தமது இன்ஜினில் அளந்து சொன்ன எண்ணை நம்பி மூடாதீர்கள்.

எங்கே அளப்பது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது பிஸ்டன் வெகு கீழே இருக்கும். அங்கே ஆபத்து இல்லை. பிஸ்டன் எட்டும் மிக உயர்ந்த இடம் உச்சிநிலை; எரிதல் நடக்கும் உச்சிநிலையில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். அங்கும் ஆபத்து இல்லை. புகையை வெளியே தள்ளிவிட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வருகிறதே, அப்போது எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் மூடி முடிக்கவில்லை, இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கிவிட்டது. மெக்கானிக்குகள் ஓவர்லாப் என்று சொல்லும், கிராங்க் சுழற்சியின் இந்தச் சில பாகைகளில்தான் மோதல் நிகழும். எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனை மிக நெருங்குவது பொதுவாக உச்சிக்கு 10 பாகை முன்பாக. இன்லெட் நெருங்குவது உச்சிக்கு 10 பாகை பின்பாக. கேமுக்குக் கேம் இது மாறும் என்பதால், உச்சிக்கு இருபுறமும் 20 பாகை வரை பார்த்துவிடுவது என் வழக்கம்.

90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் உச்சியைத் தாண்டி 10 பாகை சுற்றினால் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்குவதில்லை, ஏறத்தாழ 0.85 மி.மீ.தான். 20 பாகையில் 3.4 மி.மீ. இறங்கிவிடுகிறது. கேம் சில பாகைகள் தவறினாலும் கணக்கு ஏன் தலைகீழாகிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

எஃகு கனெக்டிங் ராடு உள்ள இன்ஜினுக்கு நான் ஏற்கும் குறைந்தபட்ச அளவு: இன்லெட்டுக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. வால்வின் விளிம்புக்கும் அந்த வால்வுக்கு இடம்விடப் பிஸ்டனில் வெட்டிய பள்ளத்தின் சுவருக்கும் நடுவே சுற்றிலும் 1.3 மி.மீ. எக்ஸாஸ்ட்டுக்குக் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்த வால்வு அதிகமாகச் சூடேறி நீள்கிறது. பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டே அதைத் துரத்துகிறது. ஸ்பிரிங் சற்றுச் சோர்ந்து வால்வு மூடத் தாமதித்தால் பிஸ்டன் அதைப் பிடித்துவிடும். இன்லெட்டின் நிலை வேறு: இறங்கி ஓடும் பிஸ்டனின் பின்னால் அது போகிறது.

பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி, கிராங்கைச் சுற்றி அளக்கத் தொடங்கும் முன் சில ஏற்பாடுகள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கடைசியில் போடப்போகும் கேஸ்கெட்டின் அதே தடிமனில், ஏற்கெனவே ஒருமுறை இறுக்கி அமுங்கிய பழைய கேஸ்கெட் இருந்தால் அதைப் போட்டு, ஹெட்டை உரிய முறுக்கத்தில் இறுக்குங்கள். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விடும் டாப்பெட் இடைவெளியைச் சுழியாக வையுங்கள். புல்லட்டில் இது எளிது: குளிர்ந்த இன்ஜினில் புஷ் ராடு (கேமின் அசைவை மேலே கொண்டுபோகும் தண்டு) மேலும் கீழும் ஆடாமல், விரலால் சுற்றினால் மட்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும் என்பதே அதன் இயல்பான அமைப்பு. கிராங்கைச் சுற்ற, இன்ஜின் வண்டியில் இருந்தால் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். மேசையில் இருந்தால் ஆல்டர்னேட்டர் நட்டில் ஸ்பேனர் மாட்டுங்கள். கிக்கரை மட்டும் தொடாதீர்கள். அதன் நீளமான நெம்புகோலில் கால் வைத்தால், வால்வு வளைவதை உங்கள் உடல் உணரவே உணராது.

கிராங்க் ஓரிடத்தில் திடமாக நிற்கிறது

முதலில், நிறுத்துங்கள். "கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்" என்று தோன்றும் அந்த நொடியில்தான் வால்வு வளைகிறது. புதிய ரிங் போட்ட இன்ஜின் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கனக்கும், அது வேறு. இங்கே சொல்வது, ஒரே இடத்தில் உலோகம் உலோகத்தில் முட்டும் நிற்றல்.

நின்ற இடம் எது என்று பாருங்கள். உச்சிக்கு அருகே என்றால் கிராங்கைப் பின்னோக்கிச் சற்று விடுவித்து, இரண்டு புஷ் ராடுகளையும் எடுத்துவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். அப்போதும் நின்றால் வால்வுகளுக்கு இதில் பங்கில்லை. பிஸ்டன் ஹெட்டில் முட்டுகிறது, அல்லது பிளக் துளை வழியாக ஒரு வாஷரோ நட்டோ உள்ளே விழுந்திருக்கிறது. இதற்கு இன்னோர் அடையாளமும் உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் நின்றால் பிஸ்டன், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று நின்றால் வால்வு. கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் வால்வு இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அங்கே வந்து நிற்கும்.

புஷ் ராடுகளை எடுத்ததும் சுதந்திரமாகச் சுற்றினால், இன்லெட் ராடை மட்டும் போட்டுச் சுற்றுங்கள். பிறகு எக்ஸாஸ்ட்டை மட்டும். ஒன்றில் நின்றால் குற்றவாளி தெரிந்துவிட்டது. தனித்தனியே இரண்டும் சுற்றி, இரண்டையும் சேர்த்துப் போட்டால் மட்டும் நின்றால், வால்வு பிஸ்டனில் முட்டவில்லை. இரண்டு வால்வுகளும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. புல்லட்டில் வால்வுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருப்பதால், பெரிய தலை கொண்ட வால்வுகளைப் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிஸ்டனில் எவ்வளவு ஆழமாகப் பள்ளம் வெட்டினாலும் இந்த மோதல் தீராது.

உச்சிக்கு வெகு தொலைவில், ஸ்ட்ரோக்கின் நடுவில் நின்றால் பிஸ்டனை மறந்துவிடுங்கள். அங்கே வால்வு முழு உயரத்துக்குத் திறந்திருக்கும். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கின்றன, அல்லது ஸ்பிரிங்கின் மேல்தட்டு வால்வு கைடில் முட்டுகிறது. அந்த டாப்பெட்டைத் தளர்த்திப் பாருங்கள். உடனே விடுபட்டால் அதுதான்.

களிமண் எதிர்பார்த்ததைவிட மிகத் தடிமனாக வருகிறது

குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணைப் பிஸ்டன் மேல் ஒட்டி, ஹெட்டை மூடிச் சுற்றி, பிறகு திறந்து பிளேடால் வெட்டி மிக மெல்லிய இடத்தை வெர்னியரில் அளப்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கைவரும் முறை. அதில் 6 மி.மீ. வந்தால் மகிழ்ச்சி பொங்கும். எனக்குச் சந்தேகம்தான் வரும். குறைவாகக் காட்டும் பிழை உங்களுக்கு ஒரு நாள் வேலையைக் கூட்டும். கூடுதலாகக் காட்டும் பிழை ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்ளும். எனவே இந்த அறிகுறியில் நிதானமாக நில்லுங்கள்.

கிராங்கை எத்தனை சுற்று சுற்றினீர்கள்? ஒரே சுற்று என்றால், அது எரிதல் உச்சியைக் கடந்த சுற்றாக இருந்திருக்கலாம். வால்வு கீழே வரவே இல்லை. முழுமையாக இரண்டு சுற்று, இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பற்சக்கரங்களின் தளர்வு மறுபக்கம் போய்க் கேமின் நிலை மாறிவிடும்.

டாப்பெட்டில் இடைவெளி விட்டிருந்தீர்களா? அங்கே விட்டது, வால்வை அழுத்தும் நெம்பான ராக்கரின் விகிதத்துக்கு ஏற்ப, வால்வு திறக்கும் அளவிலிருந்து கழிகிறது. கேஸ்கெட் புதியதா, ஹெட்டை விரல் இறுக்கத்தில் விட்டுவிட்டீர்களா? அமுங்காத கேஸ்கெட் இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும். கேஸ்கெட்டே இல்லாமல் அளந்து, அமுங்கிய தடிமனைப் பிறகு கூட்டிக்கொள்வதும் சரியான வழிதான். ஆனால் கூட்டும்போது அமுங்கிய தடிமனைக் கூட்ட வேண்டும். புதியதின் தடிமனை அல்ல.

கார் இன்ஜின் கட்டுபவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள இன்ஜினில், அந்த அழுத்தம் இல்லாமல் கையால் சுற்றும்போது வால்வு ஸ்பிரிங் அந்த டாப்பெட்டையே அமுக்கிவிடும். வால்வு முழுதாகத் திறக்காது, களிமண் தடிமனாகவே மிஞ்சும். அளப்பதற்கு மட்டும் திட டாப்பெட் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் திட டாப்பெட்தான் என்பதால் இந்தக் கவலை இல்லை.

ஒரு வால்வுக்குக் குறைவு, மற்றதற்குத் தாராளம்

ஒரே கேம் தண்டில் இரண்டு வால்வுக்குமான கேம்கள் இருக்கும் இன்ஜினில் இது தெளிவான சைகை. இன்லெட் குறைவு, எக்ஸாஸ்ட் அதிகம் என்றால் கேம் முந்தி நிற்கிறது. எக்ஸாஸ்ட் குறைவு, இன்லெட் அதிகம் என்றால் கேம் பிந்தி நிற்கிறது. மேலே கேம் உள்ள சங்கிலி இன்ஜின்களில், ஹெட்டைச் சீவினால் கேம் கிராங்கை நோக்கி இறங்குகிறது; சங்கிலியை இறுக்கும் டென்ஷனரின் பக்கம் அந்தத் தளர்வை இழுத்துக்கொள்ள, கேம் சற்றுப் பிந்துகிறது. ஆக எக்ஸாஸ்ட் இடைவெளி இரண்டு வழியிலும் குறைகிறது: ஹெட் இறங்கியதால் ஒருமுறை, கேம் பிந்தியதால் இன்னொருமுறை.

புல்லட்டில் நிலைமை வேறு. இன்லெட்டுக்கு ஒரு கேம் சக்கரம், எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு கேம் சக்கரம் என்று தனித்தனியே இருக்கின்றன. ஒன்று சரியாகவும் மற்றது ஒரு பல் தவறியும் மாட்டப்பட்டிருக்கலாம். வலப்பக்க மூடியைக் கழற்றி, சக்கரங்களில் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். பழைய சக்கரத்தில் எண்ணெய்க் கறைக்கு அடியில் புள்ளி மறைந்திருக்கும். யாரோ ஒருவர் முன்பு தட்டிய பஞ்ச் குறி புள்ளிபோல் ஏமாற்றும். பெட்ரோலில் கழுவிவிட்டு, வெளிச்சத்தில் பாருங்கள்.

புள்ளிகள் பொருந்தியும் வேறுபாடு இருந்தால் உச்சிநிலையை நீங்கள் தவறாகக் கண்டிருக்கலாம். பிளக் துளையில் ஸ்குரூ டிரைவரை விட்டு, அது ஏறி நிற்கும் இடத்தை உச்சி என்று கொள்வது பலருடைய பழக்கம். 5 பாகை விலகியிருந்தாலும் பிஸ்டன் 0.2 மி.மீ.தான் இறங்கியிருக்கும், அதை எந்தக் கையாலும் உணர முடியாது. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, முனை மழுக்கிய போல்ட் ஒன்றை அதில் பொருத்தித் தடுப்பாக வையுங்கள். புஷ் ராடுகளை எடுத்துவிட்டு, பிஸ்டன் தடுப்பைத் தொடும் வரை ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றி, கிராங்கில் மாட்டிய பாகைத் தட்டில் (பாகைகள் குறித்த வட்டத் தகடு) குறியுங்கள். பிறகு மறுபக்கம் சுற்றித் தொடும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் சரி நடுவே உச்சி. புஷ் ராடுகளை எடுக்காமல் இதைச் செய்தால், திறக்கும் வால்வு அந்தப் போல்ட்டிலேயே முட்டக்கூடும்.

இரண்டு வால்வுகளுக்கும் ஒன்றுபோலக் குறைவு

இது கேமின் நேரப் பிழை அல்ல. ஏதோ ஒன்று ஹெட்டையும் பிஸ்டனையும் நெருக்கமாக்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு இப்படித்தான் வந்தது. முதல்முறை அளந்தபோது இன்லெட்டில் 2.6, எக்ஸாஸ்ட்டில் 3 மி.மீ. இருந்தது. வால்வு சீட் வெட்டுவதற்காக ஹெட்டை ஒரு லேத் பட்டறையில் கொடுத்து வாங்கி வந்தேன். சீட் வெட்டினால் வால்வு சற்று உள்ளே அமரும்; இடைவெளி கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது. ஆனால் களிமண் 1.9-உம் 2.3-உம் காட்டியது. ஒரு மாலை முழுவதும் கேம் சக்கரங்களைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். இரண்டும் ஒரே 0.7 மி.மீ. குறைந்திருப்பதை அன்று இரவு நோட்டுப் புத்தகத்தில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் புத்தி தெளிந்தது. காலையில் எரி அறையின் ஆழத்தை அளந்தேன். கேட்காமலே முகத்தையும் சீவிக் கொடுத்திருந்தார்கள். அன்று முதல் ஹெட் வீட்டைவிட்டு வெளியே போகும் முன் அறையின் ஆழத்தை எழுதிவைக்காமல் கொடுப்பதில்லை.

சாய்ந்த வால்வுகளில், சீவிய அளவு முழுதும் இடைவெளியிலிருந்து கழிவதில்லை. சாய்வுக்கேற்ப அதைவிடச் சற்றுக் குறைவாகக் கழியும். வால்வு செங்குத்தாக நிற்கும் இன்ஜினில் சீவிய அளவு அப்படியே கழியும். சீவலைத் தவிர மெல்லிய கேஸ்கெட், கஜன்பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்) துளைக்கு மேல் உயரம் கூடிய பிஸ்டன், சிலிண்டரின் அடியில் தாள் கேஸ்கெட்டை மறந்துவிடுவது ஆகியவையும் இதே விளைவைத் தரும்.

களிமண்ணில் ஓர் ஓரம் மட்டும் மெலிந்திருக்கிறது, அல்லது கிழிந்திருக்கிறது

கிழிந்து இழுபட்டிருந்தால் பெரும்பாலும் குற்றம் உங்களுடையது. வால்வின் முகத்தில் எண்ணெய் தடவவில்லை, களிமண் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிஸ்டன் பக்கம் எண்ணெய் இல்லாமல் துடைத்து ஒட்டுங்கள், வால்வு பக்கம் எண்ணெய் தடவுங்கள், திரும்பச் செய்யுங்கள்.

ஒட்டாமல் வந்தும் ஓர் ஓரம் மெலிந்திருந்தால் வால்வின் தலை பள்ளத்தின் நடுவில் இறங்கவில்லை. பெரிய வால்வு போட்ட இன்ஜினிலும், வேறு மாடலுக்கான பிஸ்டனிலும் இது நடக்கும். ஆழம் போதுமானதாக இருக்கலாம். பக்கச் சுவரில் 1.3 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் முன்பின்னாகத் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரு பள்ளங்களின் அளவு வேறுபடும் பிஸ்டனைத் திருப்பி மாட்டினால், பெரிய இன்லெட் வால்வு சிறிய பள்ளத்தில் இறங்கும்.

டயல் கேஜ் ஒன்று சொல்கிறது, களிமண் வேறு சொல்கிறது

களிமண்ணோடு நிற்காமல், சிறு அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜும் வைத்துப் பார்ப்பவர்களை நான் மதிக்கிறேன். அந்த முறையில் வால்வு ஸ்பிரிங்குகளுக்குப் பதில் கையால் அமுக்கக்கூடிய மெல்லிய ஸ்பிரிங்குகளைப் போட்டு, டயல் முனையை ஸ்பிரிங்கின் மேல்தட்டில் வைத்து, உச்சிக்கு 20 பாகை முன்பிருந்து 20 பாகை பின்பு வரை இரண்டிரண்டு பாகையாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் வால்வைப் பிஸ்டனில் தொடும் வரை அமுக்கிக் குறித்துக்கொள்ள வேண்டும். மிகச் சிறிய எண்ணே உங்கள் இடைவெளி.

டயல் களிமண்ணைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டினால் டயலை நம்புங்கள். களிமண் அளவின்போது முழு வலிமையுள்ள ஸ்பிரிங் இருந்ததால் புஷ் ராடும் ராக்கரும் சற்று வளைந்து கொடுத்திருக்கும், வால்வு அந்த அளவு குறைவாகத் திறந்திருக்கும். டயல் கூடுதலாகக் காட்டினால் சந்தேகப்பட வேண்டியது டயலை. அதன் தண்டு வால்வு தண்டுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்திருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். அல்லது ஐந்தைந்து பாகையாகத் தாவி, மிக நெருங்கிய இடத்தை நடுவில் தவறவிட்டிருப்பீர்கள்.

அளவு சரி, ஓட்டிய பிறகு சத்தமும் அழுத்தக் குறைவும்

அதிக வேகத்தில் மட்டும் கேட்கும் கூர்மையான தட்டல், அல்லது தவறுதலாகக் கீழ் கியருக்கு இறக்கி இன்ஜின் அலறிய ஒரு தருணத்துக்குப் பிறகு அழுத்தம் போய்விடுவது. முதலில் டாப்பெட்டைப் பாருங்கள். நேற்றுவரை சரியாக இருந்த ஒன்றில் இன்று திடீரென்று இடைவெளி கூடியிருந்தால் வால்வோ புஷ் ராடோ வளைந்திருக்கிறது. வளைந்த வால்வு சீட்டில் முழுதாக அமராமல் உள்ளே தொங்கும். அதன் தண்டு முனை ராக்கரைவிட்டு விலகி நிற்கும். புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

ஹெட்டைத் திறந்தால் பிஸ்டனில் பிறை வடிவத் தழும்பைத் தேடுங்கள். கரி படிந்த பரப்பில் ஒரு கீற்று மட்டும் வெள்ளிபோல் மின்னினாலும் அது தொடல்தான். ஹெட்டில் வால்வுக்குப் பின்னுள்ள வழியான போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி, வால்வைச் சுற்றிக் கசிகிறதா என்று பாருங்கள். வளைந்த வால்வை நிமிர்த்திப் போடாதீர்கள்; ஒருமுறை வளைந்த உலோகம் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழும் நாளை யாராலும் சொல்ல முடியாது.

நின்ற நிலையில் 2.5 மி.மீ. இருந்தது எங்கே போயிற்று? மோதல் நடக்கும் உச்சி, புகை வெளியேறும் உச்சி. அங்கே பிஸ்டனை மேலிருந்து அழுத்தும் வாயு இல்லை. கனமான பிஸ்டன் ராடை மேல்நோக்கி இழுக்கிறது, பேரிங்குகளின் இடைவெளி முழுதும் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. அத்துடன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும். ஸ்பிரிங்கின் தளர்நிலை நீளத்தை அளந்து புதியதோடு ஒப்பிடுங்கள். வால்வு கைடில் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். இவை இரண்டும் சரியில்லாமல் புதிய வால்வைப் போட்டால், அதே இடத்தில் அதே தழும்பு விழும்.

குறைவு உறுதியாகிவிட்டால்

கேம் தவறியிருந்தால் அதைச் சரிசெய்து திரும்ப அளப்பதே முதல் வேலை. அதற்கு மேலும் குறைவு என்றால் தடிமனான கேஸ்கெட்டை எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 70 மி.மீ. போரில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடினால் எரி அறையில் ஏறத்தாழ 3.85 க.செ.மீ. சேர்கிறது. 8.5:1 என்று ஆசையோடு கட்டிய 350 அதனால் 7.9-க்கு இறங்கிவிடும். உயர் அழுத்தப் பிஸ்டனுக்குச் செலவழித்த பணத்தில் ஒரு பகுதியைக் கேஸ்கெட் தின்றுவிடுகிறது.

பிஸ்டனில் பள்ளத்தை ஆழப்படுத்துவதே நான் தேர்வது. வெட்டும் முன் பிஸ்டன் தலையின் தடிமனை உள்ளிருந்து அளந்துகொள்ளுங்கள். வெட்டிய பின் பள்ளத்தின் அடியில் குறைந்தது 5 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் எல்லை. பள்ளத்தின் சுவர் மேல் ரிங்கின் காடியை நெருங்குகிறதா என்பதையும் பாருங்கள். அந்த எல்லைக்குள் வராவிட்டால் பிஸ்டனை விட்டுவிட்டு, வால்வைக் குறைவாகத் தூக்கும் கேமுக்குப் போங்கள். வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் மழுக்க மறக்காதீர்கள். கூரான விளிம்பு சிவந்து, பெட்ரோல் கலவையை நேரத்துக்கு முன்பே பற்றவைக்கும்.

எதை மாற்றினாலும் களிமண்ணை எடுத்து ஒட்டி, இரண்டு சுற்று சுற்றி, மீண்டும் அளந்து பாருங்கள். இரு வால்வுகளுக்கும் எண் சரியாக வந்த பிறகு பிஸ்டன் பள்ளங்களிலும் ரிங்கின் ஓரத்திலும் ஒட்டியிருக்கும் களிமண் துகள்களை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் முழுதும் துடைத்தெடுத்துவிட்டு, புதிய கேஸ்கெட்டைப் போட்டு ஹெட்டை மூடுங்கள்.